மாலதி பூட்டு

பேரவையில் மொத்தம் ஆயிரத்தெட்டுத் தற்காப்பு நுட்பங்கள் சொல்லிக்கொடுத்தார்கள். மாலதிக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் ஒரு சாதாரணப் பொம்பளை மாட்டிக்கொண்டால் என்ன கதிக்கு ஆளாவாள் என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை.

மாலதி குமராட்சிக்குப் பக்கத்து ஊர். வயது முப்பத்து நான்கு. கடலூர் சிப்காட்டில் ஒரு சாயப்பொடி கம்பெனியில் பேக்கிங் செக்கர். வெளியே போகிற ஒவ்வொரு டிரம்மிலும் ‘சரிபார்த்தவர்’ என்ற கட்டத்தில் அவளுடைய கையெழுத்து இருக்கும். அது குஜராத் வரைக்கும் போகிறது என்பதில் அவளுக்கு ரொம்பப் பெருமை. கம்பெனியில் சின்னப் பையன்கள்கூட அவளை மாலதி மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். ஊரில் அவளை ராஜவேல் பெண்டாட்டி என்பார்கள்.

எட்டு மணி ஷிப்டுக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் ஊரிலிருந்து காலை ஆறு பத்து மினிபஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அடுத்த வண்டி, வேறு ஆளுடையது, ஏழு நாற்பதுக்குத்தான். ஆறு பத்து வண்டியின் சொந்தக்காரன் தங்கராசு தினமும் படிக்கட்டை ஒட்டிய முதல் சீட்டில் உட்கார்ந்து வருவான். சிதம்பரத்தில் மாலதி இறங்கும்போது உதவி செய்கிறவன் மாதிரி அவள் மணிக்கட்டைப் பிடிப்பான். அவள் தரையில் இறங்கி நின்ற பிறகும் விடமாட்டான். பத்து நொடி, பதினைந்து நொடி. ஒன்றும் பேசமாட்டான், சிரிப்பான், பிறகு விடுவான். கண்டக்டர் பூவரசன் விசிலை வாயில் வைத்துக்கொண்டு அதுவரை காத்திருப்பான். வண்டியில் இருக்கிற மற்றவர்கள் செல்போனைப் பார்ப்பார்கள்.

அவள் பூவரசனிடம் ஒருநாள் கேட்டேவிட்டாள்.

“மாமா சும்மா வெளையாடுறாருக்கா,” என்றான் அவன். “எறங்க ஒத்தாசதான பண்றாரு? நீ கீழ வுழுந்துட்டா பரவால்லியா?”

புகார் எழுதலாம் என்றால் என்னவென்று எழுதுவது? இறங்கும்போது கைகொடுத்தார் என்றா? வீட்டுக்காரனிடம் சொன்னாள். ராஜவேல் கொத்தனார், நல்ல மனுஷன்தான். ஆனால் எந்தக் கேள்விக்கும் அவனிடம் ஒரே பதில்தான் உண்டு. “அப்ப வேலைய வுட்டுடு.”

வேலையை விட அவளுக்கு மனசில்லை. சிதம்பரம் வரும் வரைக்கும் அரைமணி நேரமும் இறங்கப்போகும் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தப் பதினைந்து நொடி அவமானம் கம்பெனி கேட் வரைக்கும் கூடவே வரும். கையைக் கழுவிவிட்டுத்தான் முதல் டிரம்மில் கையெழுத்துப் போடுவாள்.

இந்த நிலைமையில்தான் சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்தாள். ‘அகில உலகத் தற்காப்புக் கலைப் பேரவை. பெண்களே, அஞ்சாதீர்! 1008 நுட்பங்கள், 12 ஞாயிறுகள்.’ மேலே மகா ஆசான் டாக்டர் ஜெயப்பிரகாஷ் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். டாக்டர் பட்டம், கப்பலில் போனால் ஐந்து நாள் ஆகும் ஒரு தீவிலிருந்து கூரியரில் வந்தது.

பேரவை ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில், பந்தி போடும் கூடத்தில் நடந்தது. முகூர்த்த நாளில் வகுப்பு கிடையாது. முதல் நாள் எல்லோருக்கும் ஒரு பாடப்புத்தகம் கொடுத்தார்கள். லேமினேட் செய்த பக்கங்கள், இரண்டு கிலோவுக்குக் குறையாது. அதையே தூக்கி அடித்தால் ஓர் ஆள் விழுவான். ஆனால் அது ஆயிரத்தெட்டில் இல்லை.

மாலதி கையைத் தூக்கினாள். “சார், ஒருத்தன் மணிக்கட்டப் புடிச்சா எப்டி வுடுவிச்சிக்கிறது?”

மகா ஆசான் அன்பாகச் சிரித்தார். “அது அறுநூத்திப் பதினாலும்மா. எட்டாவது ஞாயித்துக்கெழம வரும்.”

“அது ஒண்ணு மட்டும் மொதல்லயே...”

“பேரவையில எல்லாத்துக்கும் வரிசைன்னு ஒண்ணு இருக்கு. அறுநூத்திப் பதிமூணு தெரியாதவங்களுக்கு அறுநூத்திப் பதினால குடுக்கறது ஆபத்து.”

எட்டாவது ஞாயிற்றுக்கிழமைக்கு ஏழு வாரம் இருந்தது. வாரத்துக்கு ஆறு காலை. நாற்பத்திரண்டு தடவை தங்கராசு கையைப் பிடித்த பிறகு அவளுக்குப் பாடம் வரும்.

அன்று எண்பத்து நான்கு நுட்பங்கள் முடிந்தன. முதல் முப்பத்திரண்டும் வணக்கங்கள். ஆசானுக்கு, துணை ஆசானுக்கு, பொருளாளருக்கு, மேடையில் இருக்கும் சிறப்பு விருந்தினருக்கு, வரும் வழியில் இருக்கும் சிறப்பு விருந்தினருக்கு என்று தனித்தனி எண்கள். அதற்கப்புறம் இடுப்பில் பெல்ட் கட்டும் முறைகள். இடக்கை ஓர் எண், வலக்கை ஓர் எண். ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தடவை செய்ய வேண்டும், உடனே செயலாளர் அட்டையில் டிக் போட்டுவிடுவார்.

ஒரு காலேஜ் பெண் ஏதோ ஒன்றை இரண்டாவது தடவை செய்து பார்த்தாள். கூடமே நின்றுவிட்டது. மகா ஆசான் மைக்கை வாங்கினார்.

“ஒரு நுட்பத்த ரெண்டாவது வாட்டி செய்யிறவன், மொத வாட்டி சரியா செய்யலன்னு ஒத்துக்கிறான். பேரவையில யாரும் தப்பா செய்யிறதில்ல. அதனால ரெண்டாவது வாட்டிங்கற பேச்சே இங்க கெடையாது. முப்பது வருஷமா இந்தத் துறையில இருக்கேன். என்மேல ஒரு அடி வுழுந்தது கெடையாது. ஏன்னா நான் எந்தச் சண்டைக்கும் போனதே இல்ல!”

கைதட்டினார்கள். கைதட்டலும் நுட்பம்தான், நாற்பத்தொன்று.

அந்தக் கூடத்தில் விஷயம் தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். அறிவுமதி என்று ஒரு துணைப் பயிற்சியாளர். காலேஜில் ஜூடோ ஆடியவள். அடுத்த ஞாயிறு அவளே மாலதியைக் கை கழுவும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

“யாருக்கா புடிக்கிறான்?”

மாலதி சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. வீட்டில்கூட அவள் இதற்காக அழுததில்லை.

“என் கையப் பாருங்க. எவன் புடிச்சாலும் கட்டைவெரலு பக்கந்தான் லூஸு. அந்தப் பக்கமாத் திருப்பி, முழங்கைய அவன்மேல ஏத்துங்க. அவ்ளோதான்.” அறிவுமதி பிடித்தாள். மாலதி திருப்பினாள். வரவில்லை. “வராது. இன்னிக்கு வராது, நாளைக்கும் வராது. தெனம் எரநூறு வாட்டி செய்யுங்க. நெனைக்கிறதுக்கு முன்னாடி கை திரும்பணும். சார்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

மாலதி செய்தாள். பத்து வயசு மகள் சுவாதியைப் பிடிக்கச் சொன்னாள், அவளுக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியில் கூட வேலை செய்யும் ராஜாமணியைப் பிடிக்கச் சொன்னாள். ராஜாமணிக்கு மூட்டை தூக்கிப் பழகிய கை. முதல் வாரம் உருவ முடியவில்லை. மூன்றாவது வாரம் ராஜாமணி, “எனக்குக் கை வலிக்குதுடி, வேற ஆளப் பாரு,” என்றாள். நடுவில் ஞாயிறு தோறும் பேரவைக்கும் போனாள். குடையைக் கொண்டு தடுப்பது, குடை இல்லாமல் குடை இருப்பதுபோலத் தடுப்பது எல்லாவற்றுக்கும் டிக் வாங்கினாள். வீட்டுக்கு வந்தால் ஒன்றும் ஞாபகத்தில் இருக்காது.

ஆறாவது ஞாயிறு முடிந்த புதன்கிழமை, சிதம்பரத்தில் தங்கராசு வழக்கம்போலக் கையைப் பிடித்தான். அவள் எதையும் யோசிக்கவில்லை. கை தானாகத் திரும்பியது. அவன் சீட்டிலிருந்து நழுவி எதிரே இருந்த தேங்காய் மூட்டைமேல் சாய்ந்தான். வண்டியில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். பூவரசன் வாயிலிருந்து விசில் விழுந்தது.

மாலதி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்தாள், அது என்ன ருசி என்றே தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷம். மறுநாள் தங்கராசு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். அதற்கடுத்த நாளும்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் மனசு நிறைந்திருக்கும்போது யாருக்கு வாய் சும்மா இருக்கிறது? ஏழாவது ஞாயிறு பேரவைக்குள் நுழைந்ததுமே செயலாளரிடம் சொல்லிவிட்டாள். சார் சந்தோஷப்படுவார் என்று நினைத்தாள். அங்கேதான் தப்புப் பண்ணினாள்.

அரைமணி நேரத்தில் விசாரணைக் குழு கூடியது. ஐந்நூற்று நான்கு வரை மட்டுமே டிக் பெற்ற ஒரு மாணவி அறுநூற்றுப் பதினான்கை அனுமதியின்றிப் பொது இடத்தில் பயன்படுத்தியிருக்கிறாள். அதிலும் புத்தகத்தில் அறுநூற்றுப் பதினான்குக்கு ஒன்பது நிலைகள், நடுவில் ஒரு வணக்கம். இவள் ஒரே நிலையில் முடித்திருக்கிறாள். போதாதற்கு, ஒரே நுட்பத்தை ஐயாயிரம் தடவைக்கு மேல் செய்ததாக அவளே வாயால் சொல்லியிருக்கிறாள்.

“ஐயாயிரமா?” என்றார் மகா ஆசான். அவருக்கு உண்மையிலேயே வருத்தம். “அந்த நேரத்துல அஞ்சி பேரவையோட பாடத்த முடிச்சிருக்கலாமேம்மா! ஒண்ணயே புடிச்சிகிட்டுத் தொங்கறவங்களுக்கு வளர்ச்சி எங்கருந்து வரும்?”

“வேல செஞ்சிது சார்,” என்றாள் மாலதி.

“வேல செய்யிறது முக்கியமில்ல. மொறன்னு ஒண்ணு இருக்கு. எங்க, என்மேல செஞ்சி காட்டு.”

அவர் மார்பில் இருபத்திரண்டு மெடல்கள் குத்தியிருந்தார். எழுந்துவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவளுக்கு அவர்மேல் மரியாதை இருந்தது, வேண்டாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் அந்தக் கை நினைப்பதற்கு முன்னால் திரும்பப் பழகிய கை. மகா ஆசான் அடுக்கிவைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளோடு போய்ச் சேர்ந்தார். மெடல்கள் கூடம் முழுக்க உருண்டு ஓடின.

சும்மா சொல்லக்கூடாது, எழுந்து நின்றபோது அவர் முகத்தில் கோபமே இல்லை. பெரிய மனுஷர். தூசியைத் தட்டிக்கொண்டு சொன்னார். “இத முறியடிக்க ஒரு பூட்டு வேணும். இன்னிக்கே உருவாக்குறோம்.”

அதை உருவாக்கியது அறிவுமதிதான். அவளை நிற்கவைத்துக் கேட்டார்கள், வேலை போய்விடும் என்ற பயத்தில் சொல்லிவிட்டாள். பிடிபட்டவள் எந்தப் பக்கம் திருப்புகிறாளோ அந்தப் பக்கமே கூடத் திரும்பி, மற்ற கையால் அவள் முழங்கையை மேலே தூக்குவது. குழுவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இதற்குக் காரணமாக இருந்தவளைக் கௌரவிக்கும் விதமாக ‘மாலதி பூட்டு’ என்று பெயர் வைத்தார்கள்.

அப்புறம்தான் சிக்கல். இதைச் சேர்த்தால் ஆயிரத்தொன்பது ஆகிவிடும். லெட்டர் பேடு, ரப்பர் ஸ்டாம்ப், ஃப்ளெக்ஸ் எல்லாவற்றிலும் ஆயிரத்தெட்டு என்றுதான் இருந்தது. ஒன்றை எடுக்க வேண்டும். வணக்கத்தை எடுக்கலாம் என்றால் யாருக்கான வணக்கத்தை எடுப்பது? பொருளாளர் முறைத்தார். பெல்ட் கட்டுவதை எடுத்தால் பெல்ட் தைத்துக்கொடுக்கும் துணைத்தலைவர் விலகிவிடுவார். ஒன்றரை மணி நேர விவாதத்துக்குப் பிறகு செயலாளர்தான் வழி கண்டுபிடித்தார்.

“அறுநூத்திப் பதினாலயே எடுத்துடலாம் சார். இதனாலதான இவ்ளோ பிரச்சன.”

கையை விடுவித்துக்கொள்ளும் நுட்பம் நீக்கப்பட்டது. அதே எண்ணில், விடுவிக்க முடியாதபடி பிடிக்கும் பூட்டு சேர்க்கப்பட்டது.

அறிவுமதி எழுந்து நின்றாள். “சார், அப்ப கையப் புடிச்சா வுடுவிச்சிக்கிறதுக்குன்னு நம்மகிட்ட ஒண்ணுமே இல்லாமப் பூடும் சார்.”

“இன்னும் ஆயிரத்தி ஏழு இருக்கேம்மா,” என்றார் மகா ஆசான்.

அன்றைக்கே அவளைச் சான்றிதழ் லேமினேட் செய்யும் பிரிவுக்குப் பதவி உயர்த்தினார்கள்.

எட்டாவது ஞாயிறு முப்பது பெண்களுக்கும் மாலதி பூட்டைச் சொல்லிக்கொடுத்து டிக் போட்டார்கள். யாருடைய கையைப் பிடித்துப் பூட்டுவதற்கு அவர்களுக்கு அது தேவை என்று ஒருத்தியும் கேட்கவில்லை. மாலதியும் கேட்கவில்லை. மினிபஸ்ஸில் தொல்லை இல்லாமல் இருந்த நாட்கள் அவை. போகிற வழியில் வயலைப் பார்த்துக்கொண்டு போனாள். அவ்வளவு வருஷம் அந்த ரோட்டில் போனவள், கொள்ளிடம் பக்கம் இத்தனை கொக்கு இருப்பதை அப்போதுதான் கவனித்தாள்.

பன்னிரண்டாவது வாரம் உலக சாதனை. கடலூர் கடற்கரையில் ஆயிரத்தெட்டுப் பேர், ஒரே நேரத்தில், ஆளுக்கு ஒரு நுட்பம். பேரவையில் மொத்தமே நூற்றுச் சொச்சம் பேர்தான், அதனால் ஊர் ஊராக ஆள் பிடித்தார்கள். ஆண்களும் வரலாம், சம உரிமை. குமராட்சிப் பக்கத்திலிருந்து நாற்பது பேரைக் கொண்டுவருவதாகத் தங்கராசு முன்வந்தான். வண்டியும் அவனுடையதே, டீசலும் அவனுடையதே என்பதால் அவனுக்கு மட்டும் நுட்பத்தைத் தேர்ந்தெடுக்கும் சலுகை கொடுத்தார்கள்.

“அந்தப் பொம்பள பேர்ல ஒரு பூட்டு இருக்காமே, அதக் குடுங்க,” என்றானாம்.

சாதனையில் பிசகு வரக்கூடாது என்பதற்காக, ஒரு தடவைக்கு மேல் செய்யக்கூடாது என்ற விதியிலிருந்து பங்கேற்பாளர்களுக்கு விலக்கு உண்டு. தங்கராசு ஒரு மாதம் தினமும் சாயந்திரம் பூவரசன் கையைப் பிடித்துப் பழகினான். பேரவையின் வரலாற்றிலேயே ஒரு நுட்பத்தை ஒழுங்காகக் கற்றுக்கொண்ட ஒரே மாணவன் அவன்தான். இதெல்லாம் மாலதிக்குப் பின்னால்தான் தெரியும்.

கடற்கரையில் அவளுக்குப் பதினேழாம் எண். வரும் வழியில் இருக்கும் சிறப்பு விருந்தினருக்கு வணக்கம். அவர் கடைசிவரை வரவில்லை. விசில் அடித்தார்கள், ஆயிரத்தெட்டுப் பேரும் மணலில் எதையோ செய்தார்கள், பதினோரு நொடியில் முடிந்தது. சாதனைப் புத்தகக்காரர் மேடையிலேயே சான்றிதழை எடுத்து நீட்டினார். அதில் முந்தின நாள் தேதி அடித்திருந்தது.

மகா ஆசான் பேசினார். “ஒரு மனுஷன் ஆயிரத்தெட்டையும் கத்துக்கணும்னா பன்னெண்டு வாரம் ஆவுது. நாங்க ஆளுக்கு ஒண்ணுன்னு பிரிச்சிக் குடுத்தோம். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டிய அவசியமே இல்லாமப் பண்ணிட்டோம். இதான் புரட்சி! இனிமே இந்த மாவட்டத்துல எந்தப் பொண்ணுக்காவது ஆபத்துன்னா, ஆயிரத்தெட்டு பேரும் ஒண்ணா வந்து நின்னாப் போதும்!”

திங்கட்கிழமை காலை சிதம்பரத்தில் தங்கராசு அவள் கையைப் பிடித்தான்.

கை திரும்பியது. அவனும் கூடவே திரும்பினான். மற்ற கை முழங்கையை மேலே தூக்கியது. படிக்கும் தரைக்கும் நடுவில் நுனிக்காலில் நின்றாள். வலி தோள்வரை ஏறியது. பதினைந்து நொடி இல்லை, ஒரு நிமிஷத்துக்கு மேல். அவன் முகத்தில் பழைய சிரிப்புகூட இல்லை. பரீட்சையில் பாஸான பையன் மாதிரிப் பார்த்தான்.

“ஒரு மாசம் பழகுனன்,” என்றான். “ஒம் பேருதான் இதுக்கு.”

பூவரசன் கைதட்டினான்.

முழங்கை வீங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கையைத் தூக்கிப் பிடித்தபடியே பேரவைக்குப் போனாள். “சார், அந்தப் பூட்டுலருந்து எப்டி வெளிய வர்றது?”

“வெளிய வர முடிஞ்சா அதுக்கு எதுக்கும்மா பூட்டுன்னு பேரு?” மகா ஆசானுக்கு அவளைப் பார்த்ததில் நிஜமாகவே மகிழ்ச்சி. “ஒம் பேரு நெலச்சி நிக்கிது. வேற யாருக்குக் கெடைக்கும் இது?”

அறிவுமதி லேமினேட் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மாலதியை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை. “வழி இல்லாம இருக்காதுக்கா. ஆனா அத ரெண்டு பேரு சேந்து மாசக்கணக்கா செஞ்சி பாத்துதான் கண்டுபுடிக்கணும். இங்க எங்க செய்ய வுடுவாங்க? என்ன மன்னிச்சிடுங்கக்கா.” அவள் கையில் இருந்தது தங்கராசுவின் சான்றிதழ். இன்னும் சூடாக இருந்தது.

மாலதி ஏழு நாற்பது வண்டியில் போய்ப் பார்த்தாள். கம்பெனி கேட்டுக்குப் போய்ச் சேர ஒன்பதரை ஆகிவிட்டது. மூன்று நாள் பொறுத்தார்கள், நாலாவது நாள் கான்ட்ராக்டர், “மேடம், நீங்க வூட்லயே இருங்க, கூப்பிடுறோம்,” என்றார். கூப்பிடவில்லை. ராஜவேல் ஒன்றும் சொல்லவில்லை, அவன் ஏற்கெனவே சொன்னதுதானே.

மூன்று மாதம் கழித்துப் பேரவையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். ஆண்டறிக்கைக்குப் புள்ளிவிவரம் எடுக்கிறார்களாம்.

“பயிற்சி முடிச்சதுக்கப்புறம் வெளிய போவும்போது ஏதாவது தொல்ல வந்துச்சா?”

“நான் வெளியவே போறதில்லம்மா.”

“அப்டி எழுத எடமில்லீங்க. வந்துச்சா, வரலியா?”

“வரல,” என்றாள் மாலதி.

அடுத்த வாரம் சுவாதி பள்ளிக்கூடத்துக்குப் போன வேகத்தில் திரும்பி ஓடிவந்தாள். “அம்மா, ஸ்டாப்புல ஒன் போட்டோ பெருசா வெச்சிருக்காங்க! வந்து பாரேன்!” கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மாலதி அந்தப் பக்கம் போயே மாதக்கணக்கு ஆகிவிட்டது. கடற்கரையில் வணக்கம் வைத்தபோது எடுத்த படம். கீழே ‘எமது பயிற்சிக்குப் பின் ஒரு தொல்லையும் இன்றி அச்சமின்றிப் பயணிக்கும் சாதனைப் பெண்’ என்று போட்டிருந்தது.  அதை அண்ணாந்து படித்து முடிப்பதற்குள் திருப்பத்தில், சிதம்பரம் போய்த் திரும்பும் தங்கராசு மினிபஸ்ஸின் ஹாரன் கேட்டது. மாலதி மகளின் கையை உதறிவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.